அப்பாவின் டென்ஷனும் பிள்ளையின் இழுப்பும்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை பிள்ளைகளின் ஆஸ்துமா பற்றியவை, அதிலும் அப்பாக்கள் எழுதியவை அதிகம். வழக்கமாக இந்தப் பகுதிக்கு எழுதுவது அம்மாக்களும் பாட்டிகளும்தான், அதனால் எனக்கே ஆச்சரியம். மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு இவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். பெயரை விட்டுவிட்டு ஊரை மட்டும் போட்டிருக்கிறேன்.

கேள்வி: வணக்கம் டாக்டர். என் மகனுக்கு நாலு வயது. ஒரு வயதிலிருந்தே சளி பிடித்தால் கூடவே இழுப்பும் வந்துவிடும், நடுராத்திரியில் தூக்கிக்கொண்டு ஓடிப்போய் கேஸ் (முகமூடி வழியாகக் கொடுக்கும் ஆவி மருந்து) வைத்துவிட்டு வருவோம். இப்போது ஆஸ்துமா என்று சொல்லி தினமும் போட ஒரு பம்ப் கொடுத்திருக்கிறார்கள். இவன் வயிற்றில் இருந்தபோதுதான் எனக்குத் தொழிற்சாலை வேலை போனது. கார் கடன், வீட்டு வாடகை, போதாததற்கு கந்துவட்டி ஆலோங்கிடம் வாங்கிய காசு. அந்த மாதங்களில் நான் ஒழுங்காகத் தூங்கியதே இல்லை. இப்போது ராத்திரியில் இ-ஹெய்லிங் வாடகைக் கார் ஓட்டுகிறேன். அப்பாவுக்கு மன அழுத்தம் இருந்தால் பிள்ளைக்கு ஆஸ்துமா வரும் என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றியது, மாமியார் அதை என்னிடமே கொண்டுவந்து காட்டினார். நான்தான் காரணமா?
– செந்தூல், கோலாலம்பூர்

பதில்: இல்லை தம்பி. முதலில் இதைச் சொல்லிவிட்டு மற்றதுக்குப் போகிறேன், ஏனென்றால் இந்த ஒரு கேள்வியை மனதுக்குள் போட்டு எவ்வளவு நாளாக அரைத்துக்கொண்டிருந்தீர்களோ தெரியவில்லை.

நெதர்லாந்தில் ரோட்டர்டாம் நகரத்தில், கர்ப்ப காலத்திலிருந்தே தாயையும் தந்தையையும் கேள்வி கேட்டுக் குறித்துவைத்து, பிறந்த பிள்ளைகளைப் பல வருடங்கள் தொடர்ந்து கவனித்த ஒரு பெரிய ஆய்வு இருக்கிறது. ஜெனரேஷன் ஆர் என்று பெயர். அந்தப் பிள்ளைகளில் 4,200-க்கும் மேற்பட்டவர்களைப் பத்து வயதில் பரிசோதித்து, நுரையீரல் எவ்வளவு வேலை செய்கிறது, ஆஸ்துமா இருக்கிறதா என்று பார்த்து 2020-ல் முடிவை வெளியிட்டார்கள். கர்ப்ப காலத்தில் அம்மாவுக்குக் கடுமையான மனவேதனை இருந்திருந்தால் பிள்ளைக்கு ஆஸ்துமா வரும் வாய்ப்பு கொஞ்சம் கூடுதலாக இருந்தது. அப்பாவுக்கு இருந்திருந்தால்? அப்படி ஒரு தொடர்பு தெரியவில்லை. உங்கள் கேள்விக்கு இதைவிட நேரான பதில் என்னிடம் இல்லை. அந்தச் செய்தியை அனுப்பியவர் ஆய்வைப் படித்திருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை.

இதைப் படித்த கையோடு, அப்படியென்றால் குற்றவாளி மனைவிதான் என்று திரும்பிவிடாதீர்கள், மாமியாரிடமும் இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள். வாய்ப்பு கூடுகிறது என்றால் கூட்டத்தை மொத்தமாக எடுத்துப் பார்த்தால் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். கர்ப்பத்தில் வேதனைப்பட்ட அம்மாக்களின் பிள்ளைகளில் மிகப் பெரும்பாலோருக்கு ஆஸ்துமா வரவே இல்லை, எந்தக் கவலையும் இல்லாத வீட்டுப் பிள்ளைகளுக்கும் வந்திருக்கிறது. பரம்பரை, வீட்டுத் தூசியில் வாழும் கண்ணுக்குத் தெரியாத பூச்சி, சிகரெட் புகை, சின்ன வயதில் பிடிக்கும் வைரஸ் சளி, சாலைப் புகை என்று எத்தனையோ சேர்ந்துதான் இந்த நோய் வருகிறது. ஒருவரைப் பிடித்து நிறுத்தி ‘நீதான்’ என்று சொல்ல எந்த டாக்டராலும் முடியாது.

சரி, அப்போது அப்பாவின் மனச்சுமைக்கும் பிள்ளையின் மூச்சுக்கும் சம்பந்தமே இல்லையா என்றால், இருக்கிறது. கருவில் இருந்தபோது நடந்ததைவிட இப்போது வீட்டில் நடப்பதில்தான் அதைத் தேடவேண்டும். தென் கலிபோர்னியாவில் ஐந்திலிருந்து ஒன்பது வயதுவரை உள்ள, ஆஸ்துமா இல்லாத ஏறக்குறைய 2,500 பிள்ளைகளை மூன்று வருடம் கவனித்து 2009-ல் ஒரு முடிவு சொன்னார்கள். சாலை வாகனப் புகை அதிகம் உள்ள இடத்தில் வாழும் பிள்ளைகளுக்கு ஆஸ்துமா வருகிறது, இது தெரிந்த கதை. ஆனால் பெற்றோர் மன அழுத்தத்தில் இருந்த வீடுகளில் அதே புகை இன்னும் அதிகமாகப் பாதித்தது. புகை குறைவான இடத்தில், பெற்றோருக்கு அழுத்தம் இருந்தது என்பதற்காக மட்டும் பெரிய வித்தியாசம் இல்லை. அதாவது மனச்சுமை தனியாக நின்று நோயை உண்டாக்குவதைவிட, ஏற்கனவே இருக்கும் தொல்லையைப் பெருக்கிவிடுகிறது. செந்தூலிலும் ஜாலான் ஈப்போவிலும் காலை ஏழு மணிக்கு நிற்கும் வண்டிகளையும், 2015, 2019 மாதிரி புகைமூட்டம் வந்து பள்ளிகளை மூடிய நாட்களையும் நினைத்துப் பார்த்தால், நம் ஊரில் பெருக்குவதற்கு நிறையவே இருக்கிறது.

அதோடு, பரிசோதனைக்கூடத்தில் பார்க்கத் தேவையே இல்லாத ஒரு பக்கமும் இதில் இருக்கிறது. கடன்காரன் போன் அடித்துக்கொண்டே இருக்கும்போது காலையும் இரவும் தவறாமல் பம்ப் போடவேண்டும் என்று யாருக்கு ஞாபகம் இருக்கும்? இழுப்பு அடங்கிவிட்டால் ‘நல்லாத்தானே இருக்கான்’ என்று தடுப்பு பம்ப்பை நிறுத்துவதும், அடுத்த அப்பாய்ன்ட்மென்ட் அன்று ஓட்டினால் நாலு காசு வரும் என்று போகாமல் விடுவதும், ஆஸ்துமா மோசமாகும் பின்னிரவு நேரத்தில் வீட்டில் அம்மா மட்டும் தனியாக இருப்பதும்தான் நான் தினமும் பார்க்கிற ‘மன அழுத்தம்’. இதில் ஒன்றுகூட மரபணு வழியாக வருவதில்லை, எல்லாவற்றையும் மாற்றலாம்.

உங்களுக்கு நான் எழுதித்தரும் மருந்துச்சீட்டு கொஞ்சம் வேறு மாதிரி இருக்கும். பையனின் தடுப்பு பம்ப் உங்கள் பொறுப்பு என்று எடுத்துக்கொள்ளுங்கள். ராத்திரி வேலைக்குக் கிளம்பும் முன் ஒரு தடவை, காலையில் வந்ததும் படுக்கும் முன் ஒரு தடவை, டாக்டர் சொன்ன அளவில் நீங்களே போட்டுவிடுங்கள். உங்கள் வேலை நேரத்துக்கே அது பொருந்துகிறது. வங்கிக் கடனுக்கு ஏகேபிகே என்ற கடன் ஆலோசனை நிறுவனத்துக்குப் போங்கள். 2006-ல் மத்திய வங்கியான பேங்க் நெகாரா தொடங்கியது, ஆலோசனை இலவசம், தவணையை உங்கள் வருமானத்துக்குத் தக்கபடி மாற்றி அமைக்க வங்கிகளிடம் அவர்களே பேசுவார்கள். ஆலோங் மிரட்டினால் அது போலீஸ் விஷயம், வெட்கப்படாமல் புகார் கொடுங்கள். தூக்கம் இன்னமும் வரவில்லை, எதிலும் பிடிப்பில்லை, எரிச்சல் எரிச்சலாக வருகிறது என்றால் பக்கத்து கிளினிக் கெசிஹாத்தானில் (அரசு சுகாதார கிளினிக்) ஒரு வெள்ளி கட்டிப் பதிந்துவிட்டு, பையனுக்காக இல்லை, எனக்காக வந்திருக்கிறேன் என்று சொல்லுங்கள். பேசினால் போதும் என்று தோன்றினால் சுகாதார அமைச்சின் ஹீல் என்ற மனநல உதவி எண் 15555.

இன்னொன்று. சின்னக் குழந்தைகளுக்கு வரும் இழுப்பெல்லாம் ஆயுளுக்கும் தொடர்வதில்லை. அமெரிக்காவில் டூசான் நகரத்தில் பிறந்ததிலிருந்து கவனித்த பிள்ளைகளில், முதல் மூன்று வயதுக்குள் இழுப்பு வந்தவர்களில் ஐந்தில் மூன்று பேருக்கு ஆறு வயதுக்குள் அது நின்றுவிட்டது. உங்கள் மகனுக்கு நிற்குமா என்று இப்போதே சொல்ல முடியாது, ஆனால் பம்ப்பை ஒழுங்காகப் போட்டால் நடுராத்திரி ஓட்டம் குறையும், அதை நிச்சயமாகச் சொல்வேன்.

கேள்வி: டாக்டர், என் கணவர் துறைமுகத்தில் ஷிப்ட் வேலை செய்கிறார். வீட்டுக்கு வந்தால் பால்கனியில் நின்று மூன்று நாலு சிகரெட். மகளுக்கு ஆறு வயது, ஆஸ்துமா. கேட்டால், ‘வெளியேதானே பிடிக்கிறேன், இதுவும் இல்லையென்றால் டென்ஷனில் செத்துப்போவேன்’ என்கிறார். இப்போது வேப் (மின் சிகரெட்) வாங்கி வைத்துக்கொண்டு இதில் புகையே இல்லை என்கிறார். நான் சொன்னால் சண்டைதான் வருகிறது, நீங்களே சொல்லுங்கள்.
– பட்டர்வொர்த், பினாங்கு

பதில்: சகோதரி, பத்திரிகையை அவரிடம் கொடுங்கள், இனி அவரிடமே பேசுகிறேன்.

அண்ணே, 2019 ஜனவரி 1 முதல் சாப்பாட்டுக் கடைகளில் புகைக்கக்கூடாது, மூன்று மீட்டர் தள்ளிப் போகவேண்டும் என்று வந்ததே, நீங்களும் தள்ளிப்போய்த்தான் நிற்கிறீர்கள். மாமாக் கடைக்குக் கொடுக்கிற அந்த மரியாதையை மகளுக்கும் கொடுக்கலாம் இல்லையா? பால்கனிக் கதவின் சந்து வழியாகப் புகை உள்ளே வரும். வராவிட்டாலும் உங்கள் சட்டையிலும் தலைமுடியிலும் மூச்சிலும் ஏறிக்கொண்டு வரும், அந்தச் சட்டையோடுதான் பிள்ளையைத் தூக்கி மடியில் வைத்துக்கொள்கிறீர்கள். வேப்பில் சாம்பல் இல்லை என்பது உண்மை, ஆனால் அதிலிருந்து வரும் ஆவியில் நிக்கோட்டினும் மூச்சுக்குழாயை உறுத்தும் ரசாயனங்களும் இருக்கின்றன. ஆஸ்துமா உள்ள பிள்ளையின் மூச்சுக்குழாய் ஏற்கனவே வீங்கிச் சிவந்திருக்கிறது, மாம்பழ வாசனை போட்டாலும் அதற்கு எரிச்சல் எரிச்சல்தான்.

டென்ஷன் விஷயத்துக்கு வருகிறேன், அதை நான் அலட்சியம் செய்யவில்லை. ஷிப்ட் வேலையின் கஷ்டம் எனக்கும் தெரியும். ஆனால் சிகரெட் டென்ஷனைக் குறைக்கிறது என்பது பாதிதான் உண்மை. கடைசி சிகரெட் பிடித்து ஒன்றிரண்டு மணி நேரத்தில் உடம்பில் நிக்கோட்டின் இறங்க ஆரம்பிக்கும், அப்போது வரும் படபடப்பையும் எரிச்சலையும்தான் அடுத்த சிகரெட் அடக்குகிறது. அதே சிகரெட்தான் அந்தப் படபடப்பையும் கொண்டுவந்தது. 26 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2014-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியிட்டார்கள், புகையை விட்டவர்களுக்குப் பதற்றமும் மனச்சோர்வும் அழுத்தமும் விடாதவர்களைவிடக் குறைந்திருந்தன. முதல் சில வாரங்கள் கஷ்டமாகத்தான் இருக்கும், தூக்கம் கெடும், மனைவி மேல் எரிந்து விழுவீர்கள். (சகோதரி, அந்த வாரங்களில் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.) அரசு கிளினிக்குகளில் புகைப்பழக்கத்தை விட உதவும் பிரிவு இருக்கிறது, எம்குவிட் என்று கேட்டால் சொல்வார்கள். நிக்கோட்டின் பட்டை, சூயிங்கம், தொடர்ந்து பேசி உதவும் ஆள் எல்லாம் உண்டு. தனியாக வைராக்கியத்தால் மட்டும் முயல்வதைவிட இப்படிச் சேர்ந்து முயன்றால் வெற்றி வாய்ப்பு அதிகம்.

உங்களுக்கு வளர்ந்த மகனும் இருந்தால் இதையும் தெரிந்துகொள்ளுங்கள். நார்வேயில் பெர்கன் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் 2017-ல் வெளியிட்ட ஆய்வில், பதினைந்து வயதுக்கு முன்பே சிகரெட் பிடிக்க ஆரம்பித்த ஆண்களுக்குப் பின்னாளில் பிறந்த பிள்ளைகளுக்கு ஆஸ்துமா வாய்ப்பு அதிகமாக இருந்தது, கல்யாணத்துக்குப் பல வருடம் முன்பே விட்டிருந்தாலும்கூட. அந்த வயதில்தான் பையன்களின் விந்து உற்பத்தி தொடங்குகிறது, அதில் ஏதோ பதிந்துபோகிறது என்று நினைக்கிறார்கள். இன்று பள்ளிக்கூடத்துக் கழிப்பறையில் வேப் பிடிக்கும் பையன்களைப் பார்த்தால் எனக்கு இந்த ஆய்வுதான் ஞாபகம் வருகிறது. அப்பாவின் கையில் பார்த்ததைத்தான் பிள்ளை எடுக்கும் என்று நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

கேள்வி: பேரனுக்கு இந்த பம்ப் போட்டால் பழகிப்போகும், எலும்பு வளராது என்கிறார்கள். என் மகனும் பயந்துபோய் வேண்டாம் என்கிறான். நான் சாம்பிராணி போட்டு, கற்பூரவள்ளிச் சாறு கொடுத்து வந்தேன். சரிதானா?
– கெப்போங், கோலாலம்பூர்

பதில்: அம்மா, பம்ப் பழகிப்போகாது. தினமும் போடும் தடுப்பு மருந்தில் ஸ்டீராய்டு இருக்கிறது, ஆனால் மாத்திரையில் கொடுப்பதைப்போல உடம்பு முழுக்கப் போவதில்லை, மூச்சுக்குழாய்க்கு மட்டும் மிகக் குறைந்த அளவில் போகிறது. வளர்ச்சி விஷயத்தில் உங்கள் பயம் முழுக்கக் கற்பனையும் இல்லை, முதல் வருடத்தில் உயரம் அரை செண்டிமீட்டர் அளவுக்குக் குறையலாம், ஆனால் வருடா வருடம் அது கூடிக்கொண்டே போவதில்லை. கட்டுப்படாத ஆஸ்துமாவோடு ராத்திரி தூங்காமல் கிடக்கும் பிள்ளைதான் உண்மையில் வளராமல் போகும். போட்டபிறகு வாயைக் கொப்பளிக்கச் சொல்லுங்கள். பம்ப்போடு பொருத்தும் ஸ்பேசர் குழாய் வாங்க வசதி இல்லையென்றால் அரை லிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலின் அடியில் பம்ப் வாய் நுழையும் அளவு ஓட்டை போட்டுப் பயன்படுத்தலாம், தென்னாப்பிரிக்காவில் சோதித்துப் பார்த்து நன்றாக வேலை செய்கிறது என்று சொல்லியிருக்கிறார்கள்.

கற்பூரவள்ளி கொடுப்பதில் எனக்குச் சண்டை இல்லை, மருந்துக்குப் பதிலாகக் கொடுக்காமல் இருந்தால் சரி. சாம்பிராணி வேண்டவே வேண்டாம். குளிப்பாட்டிய கையோடு தலைக்கு சாம்பிராணி காட்டுவது நம் வழக்கம்தான், ஆனால் புகை என்றால் கோயில் புகையும் புகைதான், கொசுவர்த்தியும் அப்படியே. சாமிக்குக் காட்டவேண்டும் என்றால் பேரன் பள்ளிக்குப் போனபிறகு ஜன்னலைத் திறந்துவைத்துவிட்டுக் காட்டுங்கள்.

கேள்வி: ஆஸ்துமா உள்ள மகனை நீச்சலுக்கும் பந்து விளையாடவும் விடலாமா? என் கணவர் விடமாட்டேன் என்கிறார்.
– பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்

பதில்: விடுங்கள். ஓடினால் இழுக்கிறது என்றால் ஆஸ்துமா கட்டுப்பாட்டில் இல்லை என்று அர்த்தம், மருந்தைச் சரிசெய்யவேண்டும், விளையாட்டை நிறுத்தக்கூடாது. இழுப்பு வந்தால் உடனே அடிக்கும் நீல நிற பம்ப்பைப் பையில் வைத்தனுப்புங்கள், ஆசிரியரிடமும் சொல்லிவையுங்கள்.

கேள்வி: டாக்டர் ஆன்ட்டி, நான் முதலாம் படிவம் படிக்கிறேன். எனக்கு ஆஸ்துமா இருக்கு. அப்பாவும் அம்மாவும் சண்டை போட்டால் எனக்கு நெஞ்சு இறுகி மூச்சு வராது. பம்ப் அடித்தாலும் சில நேரம் சரியாகாது. அப்பா நான் நடிக்கிறேன் என்று சொல்றார். அப்பா நல்லவர்தான், வேலையில் பிரச்சினை. நான் நடிக்கிறேனா?
– புக்கிட் மெர்தாஜாம், பினாங்கு

பதில்: நீ நடிக்கவில்லைமா. பயமும் அழுகையும் மூச்சு விடும் வேகத்தை மாற்றும், உணர்ச்சி வேகத்தில் மூச்சுக்குழாய் இறுகுவது ஆஸ்துமா உள்ளவர்களுக்கு உண்மையாகவே நடக்கும். 2000-ல் லான்செட் என்ற மருத்துவ இதழில் 90 ஆஸ்துமா பிள்ளைகளை ஒன்றரை வருடம் கவனித்து எழுதியிருந்தார்கள். வீட்டில் பெரிய துக்கமோ அதிர்ச்சியோ நடந்த பிறகு புதிதாக இழுப்பு வரும் வாய்ப்பு கூடியது. ஏற்கனவே நாள்பட்ட பிரச்சினை உள்ள வீடாக இருந்தால் முதல் இரண்டு வாரத்திலேயே கூடியது.

பம்ப் அடித்தும் சில நேரம் சரியாவதில்லை என்று எழுதியிருக்கிறாயே, அதைத்தான் நான் ரெண்டு தடவை படித்தேன். அதற்குப் பல காரணம் இருக்கலாம், நீ பம்ப்பைப் பிடிக்கும் விதம் தப்பாக இருக்கலாம், தினமும் போடவேண்டிய தடுப்பு பம்ப் உனக்குத் தராமலே இருக்கலாம், பம்ப் காலியாகியிருக்கலாம். மனமும் ஒரு காரணமாக இருக்கலாம். 2006-ல் கனடாவில் வான்கூவரில் செய்த ஒரு சிறிய ஆய்வில், வீட்டில் நாள்பட்ட அழுத்தமும் அதன் மேல் புதிய அதிர்ச்சியும் சேர்ந்திருந்த ஆஸ்துமா பிள்ளைகளின் ரத்தத்தைப் பார்த்தார்கள். பம்ப்பில் உள்ள மருந்து போய் ஒட்டிக்கொண்டு வேலை செய்யவேண்டிய இடங்களை உண்டாக்கும் மரபணுக்கள் அவர்களிடம் மந்தமாகியிருந்தன. சின்ன ஆய்வுதான், அதை வைத்து எல்லாவற்றையும் முடிவு செய்ய முடியாது, ஆனால் உன்னைப்போல ஒரு பிள்ளை சொல்வதை நம்பவேண்டும் என்பதற்கு எனக்கு அது போதும்.

நீ செய்யவேண்டியது: அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது எப்போதெல்லாம் இழுத்தது, பம்ப் எத்தனை தடவை அடித்தாய் என்று தாளில் எழுதிக்கொண்டு போ. உன் கையாலேயே பம்ப்பைப் போட்டுக் காட்டு, தாதி சரிபார்ப்பார். பேசவே முடியாத அளவு மூச்சு வாங்கினால், நெஞ்சுக்கூட்டின் நடுவில் குழி விழுந்தால், உதடு நீலமானால், பம்ப் அடித்து நாலு மணி நேரம்கூடத் தாங்காமல் திரும்ப வந்தால், சண்டை நடந்துகொண்டிருந்தாலும் குறுக்கே போய் நின்று ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகச் சொல், இல்லையென்றால் 999-ஐக் கூப்பிடு. பள்ளியில் கவுன்சலர் ஆசிரியர் இருப்பார், அவரிடம் நான் சொன்னேன் என்று சொல்லிப் பேசு. வீட்டில் அடிதடி என்ற அளவுக்குப் போனால் 15999 என்ற தாலியான் காசிஹ் உதவி எண்ணுக்கு நீயே பேசலாம்.

இந்தப் பிள்ளையின் அப்பா இதைப் படிக்கிறாரா என்று தெரியாது, படித்தால் நல்லது. உங்களை நல்லவர் என்று எழுதியிருக்கிறாள், சார். வேலையில் பிரச்சினை என்றால் அதை ஒரு பெரியவரிடம், நண்பரிடம், கவுன்சலரிடம் கொண்டுபோங்கள். சண்டையே போடாத வீடு கிடையாது, நான் அதைக் கேட்கவும் இல்லை. மகள் மூச்சு வாங்கும்போது சண்டையை நிறுத்திவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து பம்ப்பை எடுத்துக் கொடுங்கள், நடிக்கிறாளா என்ற ஆராய்ச்சியைப் பிறகு வைத்துக்கொள்ளலாம். ஆண்களுக்கு மனச்சோர்வு வந்தால் பெரும்பாலும் அழமாட்டார்கள், கோபப்படுவார்கள், குடிப்பார்கள், லாட்டரி நம்பர் எடுப்பார்கள், வீட்டுக்கே வராமல் ஓவர்டைம் செய்வார்கள், அதனால் அது நோய் என்று வீட்டில் யாருக்கும் தோன்றுவதில்லை. கிளினிக்கிலும் அப்படித்தான், நாங்கள் கேட்கும் கேள்வியெல்லாம் அம்மாவைப் பார்த்துத்தான், அப்பா பார்க்கிங்கில் காரை வைத்துக்கொண்டு காத்திருப்பார். எங்கள் தரப்பில் இது மாறவேண்டும் என்று நான் நினைக்கிறேன். பிள்ளைக்கு இழுப்பு அடிக்கடி வந்தால் அப்பாவையும் உள்ளே கூப்பிட்டு, நீங்கள் எப்படி இருக்கிறீர்கள், தூங்குகிறீர்களா என்று கேட்க ரெண்டு நிமிடம்கூட ஆகாது.

கேள்வி: டாக்டர், நான் தொழிற்சாலையில் டெக்னீஷியன். மனைவி ஆறு மாதம். எனக்குச் சின்ன வயதில் ஆஸ்துமா இருந்தது, மனைவிக்கு இப்போதும் உண்டு, பிள்ளைக்கு ஆகாது என்று பயந்து பம்ப்பை நிறுத்திவிட்டாள். அப்பாவின் ஸ்ட்ரெஸ் விந்தணு வழியாகவே பிள்ளைக்குப் போகும் என்று படித்தேன், உண்மையா? பிள்ளைக்கு ஆஸ்துமா வராமல் இருக்க நான் இப்போதே என்ன செய்யலாம்?
– பாயான் லெப்பாஸ், பினாங்கு

பதில்: தம்பி, எல்லாவற்றுக்கும் முன்னால் மனைவியை நாளைக்கே டாக்டரிடம் கூட்டிப்போய்ப் பம்ப்பைத் திரும்ப ஆரம்பிக்கச் சொல்லுங்கள். கர்ப்பத்தில் ஆஸ்துமா கட்டுப்பாட்டில் இல்லாமல் போனால் தாய்க்கும் பிள்ளைக்கும் ஆக்சிஜன் குறையும், குறைமாதமும் எடை குறைவும் வரலாம். சாதாரணமாகக் கொடுக்கும் பம்ப் மருந்துகளைவிட அதுதான் ஆபத்து. இதை ஆயிரம் தடவை சொன்னாலும் தகும், ஏனென்றால் பக்கத்து வீட்டு அக்கா சொன்னார் என்று நிறுத்துபவர்களைப் பார்த்துக்கொண்டேதான் இருக்கிறேன்.

விந்தணு விஷயம் நீங்கள் படித்தது எலிகளைப் பற்றியதாக இருக்கும். ஆண் எலிகளை வாரக்கணக்கில் தொந்தரவு செய்து, அவற்றின் விந்தணுவில் மைக்ரோ ஆர்என்ஏ என்ற சின்ன மூலக்கூறுகள் மாறியிருப்பதையும், பிறந்த குட்டிகளின் மன அழுத்த ஹார்மோன் வேறு மாதிரி வேலை செய்வதையும் பென்சில்வேனியாவில் 2013-ல் காட்டினார்கள். சுவாரசியமான ஆராய்ச்சி, ஆனால் அதில் ஆஸ்துமாவும் இல்லை, மனிதர்களும் இல்லை. அதோடு உங்கள் பிள்ளை ஆறு மாதமாகிவிட்டது, அந்தப் பங்கை நீங்கள் எப்போதோ செலுத்திவிட்டீர்கள், இனி அதை நினைத்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்வதில் லாபம் இல்லை.

பெற்றோர் இருவருக்கும் ஆஸ்துமா என்றால் பிள்ளைக்கு வாய்ப்பு அதிகம், அதை மறைக்கமாட்டேன். வரவே வராமல் தடுக்க உறுதியான வழி யாரிடமும் இல்லை, இருக்கிறது என்று சொல்லி ஏதாவது விற்பவரிடம் வாங்காதீர்கள். செய்யக்கூடியது கொஞ்சம்தான், ஆனால் பலன் உள்ளது. வீட்டிலும் காரிலும் யாரும் புகைக்கக்கூடாது, பிள்ளையைப் பார்க்க வரும் மாமா, சித்தப்பா உட்பட. மனைவி கடலை, முட்டை, பால் என்று எதையும் ஒதுக்கவேண்டாம், ஒதுக்குவதால் பலன் இல்லை. தாய்ப்பால் கொடுக்க முடிந்தால் நல்லது, முதல் வருடத்து இழுப்பு குறைகிறது. மனைவியின் கவலையைப் பங்குபோட்டுக்கொள்ளுங்கள். ரோட்டர்டாம் ஆய்வைப் பற்றி மேலே எழுதியிருக்கிறேன், கர்ப்பத்தில் அம்மாவின் மனம்தான் கணக்கில் வந்தது. அந்த மனம் எப்படி இருக்கும் என்பதில் பக்கத்தில் இருப்பவருக்குப் பங்கில்லையா? ராத்திரி எழுந்து ஒரு டம்ளர் சுடுதண்ணீர் கொடுப்பது, மாமியார் மருமகள் நடுவில் பஞ்சாயத்து வரும்போது எந்தப் பக்கமும் சாயாமல் நழுவாமல் நிற்பது, இதெல்லாம் இப்போதைய உங்கள் வேலை.

குழந்தை பிறந்த பிறகு உங்களையும் கவனித்துக்கொள்ளுங்கள். 2010-ல் பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது பத்தில் ஒரு அப்பாவுக்கு இந்தக் காலத்தில் மனச்சோர்வு வருகிறது என்று தெரிந்தது, குழந்தைக்கு மூன்றிலிருந்து ஆறு மாதம் ஆகும்போதுதான் அதிகம், அதாவது விருந்தாளிகள் எல்லாம் போய், தூக்கம் கெட்டு, நாப்கின் செலவு ஏறும் நேரம். அப்படி ஏதாவது தெரிந்தால் மறைக்காமல் போய்க் காட்டுங்கள்.

விடுப்பைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் பல பேருக்குத் தெரியவில்லை. 2023 ஜனவரி 1 முதல் தனியார் துறையில் கல்யாணமான அப்பாவுக்கு ஏழு நாள் சம்பளத்தோடு விடுப்பு சட்டப்படி உண்டு, ஐந்து பிரசவம்வரை. அதே முதலாளியிடம் குறைந்தது பன்னிரண்டு மாதம் வேலை செய்திருக்கவேண்டும், பிரசவத்துக்கு முப்பது நாளுக்கு முன்பே தெரிவிக்கவேண்டும். மனைவிக்கு ஆறு மாதம் என்கிறீர்கள், குறைமாதமாக வந்தாலும் வரலாம், அதனால் எச்ஆரிடம் இந்த மாதமே எழுத்தில் கொடுத்து, ஒரு பிரதியில் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.